வீட்டை அளந்தபின் கருவியை வாங்குக

வெளியே நீர் உறைந்து கிடக்கும் குளிர்காலம். வீட்டின் புறச்சுவரோரம் ஒரு பெட்டி. அதனுள் ஒரு விசிறி மெல்லச் சுழன்றுகொண்டிருக்கிறது. அந்த உறைபனிக் காற்றிலிருந்தே வெப்பத்தை எடுத்து வீட்டினுள் சேர்க்கிறது அப்பெட்டி என்று கேட்டால், வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த நமக்கு அது நம்பத் தகுந்ததாகத் தோன்றுவதில்லை. ஆயினும் நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய வட நாடுகளில் இஃது அன்றாடப் பொருள். அனைத்துலக எரிசக்தி முகமை 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, நார்வேயில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 கட்டடங்களில் இக்கருவி உண்டு. சுவீடனிலும் பின்லாந்திலும் நூற்றுக்கு 40-க்கும் மேல். ஆங்கிலத்தில் இதனை 'ஹீட் பம்ப்' என்பர். 'வெப்பப் பம்பு' என்று நாம் அழைப்போம்.

நமக்கு இச்செய்தி எதற்கு என்று சிலர் வினவலாம். இன்று நம் குடும்பங்களில் பலருக்குப் பிள்ளைகளோ உடன்பிறந்தாரோ குளிர்நாடுகளில் வாழ்கின்றனர். யாழ்ப்பாணப் பகுதியிலிருந்து சென்று நார்வேயில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. இங்கிலாந்தில் வீடு வாங்கிக் குடியிருப்போரும் பலர். நமக்கு அரிசியும் தண்ணீரும் எப்படியோ, அப்படியே அவர்களுக்குக் குளிர்காலத்தில் வீட்டுச் சூடு. முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள இல்லத்தில் அது உயிரைக் காக்கும் பொருள். ஒரே வகைக் கருவியைப் பெருந்தொகை கொடுத்து வாங்கிய இரு குடும்பங்களுள் ஒன்று இதமாக வாழ்கிறது. மற்றொன்று நடுங்கிக்கொண்டே மிகுந்த மின்கட்டணம் செலுத்துகிறது. இந்த வேறுபாடு பெரும்பாலும் கருவியில் இல்லை. வீட்டிலும், அதனை அளந்த முறையிலும், கருவியைக் கையாளும் பழக்கத்திலுமே இருக்கிறது. இதனையே இம்மாதம் விளக்க விரும்புகிறோம்.

முதலில் இக்கருவி இயங்கும் முறையைத் தெரிந்துகொள்வோம். நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தையோ பக்கவாட்டையோ தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே வைத்த பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் எடுக்கப்பட்ட வெப்பமே அவ்வழியாக வெளியேறுகிறது. குளிர்சாதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் விடுகிறது. வெப்பப் பம்பு செய்வதும் இதுவே. வெளிக்காற்றை அது பெட்டியின் உட்புறமாகக் கொள்கிறது. நம் வீட்டைப் பெட்டியின் பின்புறமாக்கிவிடுகிறது. குழாய்களுள் ஓடும் ஒரு திரவம் மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே ஆவியாகக் கூடியது. ஆவியாகும்போது அது வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்த ஆவியைக் 'கம்பிரஸர்' என்னும் அழுத்தி இறுக்கும்போது அதன் வெப்பநிலை உயர்கிறது. வீட்டினுள் வந்து தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு அது மீண்டும் திரவமாகிறது. பனி பெய்யும் நாளிலும் காற்றில் வெப்பம் அறவே இல்லாமற் போவதில்லை. அது தாழ்ந்த நிலையில் இருக்கிறது, அவ்வளவே.

இதனைக் கிணற்றுக்கு ஒப்பிடலாம். கிணற்றில் உள்ள நீரை நாம் உண்டாக்குவதில்லை, இறைக்கிறோம். நீர்மட்டம் ஆழத்தில் இருந்தால் பம்பு செட்டுக்கு மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். மேலே இருந்தால் குறைவாகச் செலவாகும். வெப்பத்திற்கும் இவ்வாறே. வெளிக்காற்றின் வெப்பநிலையே நீர்மட்டம். வீட்டுக் குழாய்களில் ஓடவேண்டிய சுடுநீரின் வெப்பநிலையே நாம் நீரை ஏற்றவேண்டிய உயரம். வெளியே 0 டிகிரி இருக்கும்போது நீரை 35 டிகிரிக்குச் சூடாக்கினால் போதும் எனில், ஒரு நல்ல கருவி 1 யூனிட் மின்சாரத்தைக் கொண்டு 3 அல்லது 4 யூனிட் வெப்பத்தை வீட்டினுள் சேர்க்கும். அதே நாளில் 55 டிகிரிக்கு ஏற்ற வேண்டுமெனில், கிடைப்பது ஏறத்தாழ 2 அல்லது இரண்டரை யூனிட்டாகக் குறைந்துவிடும். சாதாரண மின் அடுப்போ ஹீட்டரோ 1 யூனிட்டுக்கு 1 யூனிட் வெப்பத்தையே தரும். இவ்வொப்புமையை நினைவிற் கொள்க. இனி நாம் கூறப்போகும் அறிவுரைகள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

இக்கருவி நேற்றுத் தோன்றியதன்று. கெல்வின் பிரபு எனப் பின்னர் அழைக்கப்பட்ட வில்லியம் தாம்சன் 1852 ஆம் ஆண்டிலேயே இதன் தத்துவத்தை எடுத்துரைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஆஸ்திரியப் பொறியாளர் பீட்டர் ஃபொன் ரிட்டிங்கர், எபன்சே என்னும் ஊரின் உப்பு ஆலையில் உப்புநீரைக் காய்ச்சுவதற்கு இத்தகைய ஏற்பாட்டைச் செய்தார். 1938 இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மன்றக் கட்டடத்தை, அருகில் ஓடும் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து எடுத்த வெப்பத்தால் சூடாக்கினர். எனினும் எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில் இதனை நாடியோர் சிலரே. 1973 இல் எண்ணெய் விலை ஏறியபின் உலகின் கவனம் இதன்பால் திரும்பிற்று. நார்வேயில் பெரிய மாற்றம் ஏற்பட்டது 2002–2003 குளிர்காலத்தில். அந்நாட்டின் மின்சாரம் பெரும்பாலும் நீர்வீழ்ச்சிகளிலிருந்து கிடைப்பது. அவ்வாண்டு மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் தாழ்ந்தன; மின்கட்டணம் கடுமையாக ஏறிற்று. மின் ஹீட்டர்களால் வீட்டைச் சூடாக்கிவந்த மக்கள் திகைத்தனர். 2003 இல் அரசு மானியம் வழங்க, வெப்பப் பம்புகள் வீடுதோறும் நுழைந்தன. 2020 ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் கனிம எண்ணெயை எரித்துக் கட்டடங்களைச் சூடாக்குவது தடைசெய்யப்பட்டது.

நார்வேயில் எளிதாக நடந்தேறிய இச்செயல் இங்கிலாந்தில் ஏன் இடர்ப்படுகிறது? காரணங்கள் மூன்று. நார்வே வீடுகள் குளிரை எதிர்பார்த்தே கட்டப்பட்டவை; சுவரிலும் கூரையிலும் வெப்பம் வெளியேறாத காப்புப் பொருள்கள் நிறைந்தவை. இங்கிலாந்திலோ நூறாண்டுக்கு முற்பட்ட செங்கல் வீடுகள் மிகப் பல. அவற்றின் இடுக்குகள் வழியே வெப்பம் கசிந்தோடுகிறது. அடுத்து, நார்வே மக்கள் ஏற்கெனவே மின்சாரத்தால் வீட்டைச் சூடாக்கிவந்தனர். கருவி வந்ததும் கட்டணம் குறைந்தது கண்கூடாகத் தெரிந்தது. இங்கிலாந்தினர் மலிவான எரிவாயுவில் இயங்கும் கொதிகலனுக்குப் பழகியவர்கள். மூன்றாவது, அக்கொதிகலன் 60, 70 டிகிரிச் சூட்டில் நீரை அனுப்புவதால், 'ரேடியேட்டர்' எனப்படும் வெப்பத் தகடுகள் சிறியனவாக இருந்தாலும் அறை சூடேறிவிடும். வெப்பப் பம்பு அவ்வளவு உயரத்திற்கு ஏற்றினால் அதன் பயன் குன்றிவிடும். ஆகவே மிதமான சூட்டைப் பரந்த பரப்பின் வழியே தரவேண்டும். அதற்குப் பெரிய தகடுகளோ, தரைக்கடியில் ஓடும் குழாய்களோ தேவை.

இதனால் பழைய வீடுகளுக்கு இக்கருவி ஒவ்வாது என்று முடிவு கட்டிவிடலாகாது. பிரிட்டிஷ் அரசின் சார்பில் நடைபெற்ற ஒரு சோதனையில், பழைய வரிசை வீடுகள் முதல் அடுக்குமாடி வீடுகள் வரை பலவகைப்பட்ட 742 இல்லங்களில் இக்கருவி பொருத்தப்பட்டது. எவ்வகை வீட்டையும் 'இதற்கு இயலாது' என ஒதுக்க வேண்டியதில்லை என்பதே அதன் முடிவு. காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் கருவிகள் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் 1 யூனிட்டுக்கு ஏறத்தாழ 2.8 யூனிட் வெப்பத்தைத் தந்தன. ஆனால் வீட்டுக்கு வீடு இவ்வளவில் பெருத்த வேறுபாடு காணப்பட்டது. அவ்வேறுபாடே குடும்பத்தின் பணப்பையை நிரப்பவோ காலி செய்யவோ வல்லது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு வீட்டிற்கு ஆண்டொன்றுக்கு 12,000 யூனிட் வெப்பம் தேவையென்று வைத்துக்கொள்வோம். எரிவாயுக் கொதிகலனில் நூற்றில் பத்துப் பங்கு வீணாகும் எனில், 13,333 யூனிட் எரிவாயு வேண்டும். 2.8 மடங்கு தரும் வெப்பப் பம்புக்கு ஏறத்தாழ 4,290 யூனிட் மின்சாரம் போதும். 4 மடங்கு தரும்படி செவ்வனே அமைக்கப்பட்ட பம்புக்கு 3,000 யூனிட்டே போதும். ஆனால் இங்கிலாந்தில் அண்மை ஆண்டுகளில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை, ஒரு யூனிட் எரிவாயுவின் விலையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்துவந்துள்ளது. ஆகவே 4,290 யூனிட் மின்சாரம், 17,160 யூனிட் எரிவாயுவின் விலைக்குச் சமம், குடும்பத்திற்கு நட்டம். 3,000 யூனிட் மின்சாரமோ 12,000 யூனிட் எரிவாயுவின் விலைக்கே சமம், குடும்பத்திற்கு ஆதாயம். அண்டை அயலார் இருவர் ஒரே கருவியைப் பற்றி, ஒருவர் புகழ்ந்தும் ஒருவர் இகழ்ந்தும் பேசுவதன் இரகசியம் இதுவே. மின்சாரத்தை மட்டுமே எரித்துவந்த வீட்டிலோ இவ்வையம் எழாது. 12,000 யூனிட் செலவான இடத்தில் 4,290 யூனிட் செலவானாலும் பெரும் இலாபமே.

ஆகவே வாங்க விரும்புவோர் கடைக்குச் செல்லுமுன் தம் வீட்டைப் பார்க்க வேண்டும். ஓட்டைக் குடத்தில் நீர் இறைத்து ஊற்றுவதால் பயனில்லை. கூரைக்கடியில் காப்புப் பொருள் பரப்புதல், கதவு சன்னல் இடுக்குகளை அடைத்தல் ஆகியவை கருவியின் விலையோடு ஒப்பிட்டால் சிறு செலவுகள். இவற்றை முதலில் முடித்துவிட்டால் சிறிய கருவியே போதுமானதாகிவிடும். ஆனால் ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சணம் பிடிக்காதபடி, காற்றோட்டத்திற்கு வேண்டிய வழிகளை மட்டும் அடைத்துவிடலாகாது.

அடுத்து, காசு செலவின்றிச் செய்யக்கூடிய ஒரு சோதனையைக் கூறுகிறோம். குளிர் மிகுந்த ஒரு வாரத்தில், இப்போதுள்ள கொதிகலன் அறைத் தகடுகளுக்கு அனுப்பும் நீரின் வெப்பநிலையை 50 டிகிரிக்குக் குறைத்து வைத்து, நாள் முழுவதும் ஓடவிட வேண்டும். அறைகள் எல்லாம் இதமாகவே இருந்தால், அவ்வீடு வெப்பப் பம்புக்கு ஏறத்தாழ ஆயத்தமாகிவிட்டது எனலாம். ஓரிரு அறைகள் மட்டும் குளிர்ந்தால், அங்குள்ள தகடுகளை மட்டும் பெரிதாக்கினால் போதும். எல்லா அறைகளும் குளிர்ந்தால், வீட்டில் இன்னும் செய்யவேண்டிய பணி உண்டு என்று பொருள். இச்சோதனையின்போது, குளிக்கும் நீரைச் சேர்த்து வைக்கும் தொட்டியின் சூட்டை மட்டும் குறைக்கலாகாது. வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் நோய்க்கிருமிகள் பெருக இடமுண்டு.

பிறகே கருவியின் வகையைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து அறைக்காற்றிலேயே விடுவது ஒருவகை. நார்வே இல்லங்களில் பெரும்பான்மை இதுவே. சுவரில் மாட்டும் ஏ.சி. போன்றது, விலையும் குறைவு. பெரிய கூடத்தில் ஒன்றை வைத்து, கடுங்குளிர் நாள்களில் விறகு அடுப்பையும் துணைக்கு வைத்துக்கொள்வது அந்நாட்டார் வழக்கம். காற்றிலிருந்து எடுத்து நீரைச் சூடாக்கித் தகடுகளுக்கு அனுப்புவது இரண்டாவது வகை. இங்கிலாந்தில் பெரும்பாலும் பொருத்தப்படுவது இது. மூன்றாவது வகை மண்ணிலிருந்து வெப்பம் எடுப்பது. சுவீடனில் பாறையில் 100 முதல் 200 மீட்டர் ஆழத்திற்குத் துளையிட்டுக் குழாய் இறக்குகின்றனர். நிலத்தின் ஆழத்தில் கோடையிலும் குளிரிலும் வெப்பநிலை பெரிதும் மாறாது. எனவே குளிர் கடுமையாகும்போதும் இதன் பயன் குன்றாது. துளையிடும் செலவோ மிகுதி. இடமும் பணமும் உள்ளோர்க்கே இஃது ஏற்றது.

'ஆழமறியாமல் காலை விடாதே' என்பது நம் முதுமொழி. கருவியின் அளவைத் தேர்வதில் இது முற்றிலும் பொருந்தும். 'இருக்கட்டும், பெரிதாகவே வாங்கிவிடுவோம்' என்று எண்ணுவது நம் இயல்பு. இங்கு அது தவறு. தேவைக்கு மீறிய கருவி சற்று நேரத்தில் வேலையை முடித்து நின்றுவிடும், மீண்டும் புறப்படும், மீண்டும் நிற்கும். அடிக்கடி நின்று ஓடும் மோட்டார் விரைவில் தேய்வதுபோல் இதுவும் தேயும், மின்சாரமும் வீணாகும். சிறிதாக வாங்கினாலோ கடுங்குளிரில் வீடு சூடேறாது. எனவே பொருத்த வருபவர் ஒவ்வோர் அறையாக நுழைந்து, சுவர், சன்னல், தரை, கூரை யாவற்றையும் அளந்து, ஆண்டின் மிகக் குளிர்ந்த நாளில் அவ்வறை இழக்கும் வெப்பத்தைக் கணக்கிட்டுத் தரவேண்டும். வாசலில் நின்று வீட்டைப் பார்த்துவிட்டு விலை கூறுபவரைப் பணிவுடன் அனுப்பிவிடுங்கள்.

அவரிடம் வேறு மூன்று வினாக்களையும் கேட்க வேண்டும். மிகக் குளிர்ந்த நாளில் தகடுகளுக்குச் செல்லும் நீர் எத்தனை டிகிரியில் ஓடும்? 45 அல்லது அதற்கும் குறைவு என்றால் நன்று. அந்நாளில் இக்கருவி எவ்வளவு வெப்பம் தரும்? விளம்பரத்தில் காணும் எண் பெரும்பாலும் வெளியே 7 டிகிரி இருக்கும்போது அளந்தது. உறைநிலைக்குக் கீழே அது குறையும். வெளிப்பெட்டியை எங்கே வைப்பீர்கள்? படுக்கையறைச் சன்னலுக்கோ அயலார் சன்னலுக்கோ அருகில் வைத்தால், இரவில் அதன் ஓசை மனக்கசப்பை வளர்க்கும். புதிய கருவிகள் பலவற்றில் புரொப்பேன் பயன்படுகிறது. நம் சமையல் எரிவாயுவிலும் உள்ள பொருள்தான் அது. பழைய வாயுக்களைவிட இதனால் வானிலைக்கு விளையும் தீங்கு மிகக் குறைவு. ஆனால் எரியக்கூடியது, ஆகவே கதவு, சன்னல், சாக்கடை வாய்களிலிருந்து தக்க தொலைவு விடவேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் அரசு 2022 இல் இக்கருவிக்கு 5,000 பவுன் மானியம் அறிமுகப்படுத்தி, 2023 அக்டோபரில் அதனை 7,500 பவுனாக உயர்த்தியது. இத்தகைய உதவிகள் அரசுக்கு அரசு, ஆண்டுக்கு ஆண்டு மாறுவன. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அன்றைய நிலையைக் கேட்டறிவது நலம். மானியம் கிடைக்கிறது என்பதற்காகவே அவசரப்பட்டு அளக்காமல் வாங்குவது, தள்ளுபடி கிடைக்கிறதென்று காலுக்குப் பொருந்தாத செருப்பை வாங்குவது போன்றது.

வாங்கியபின் கையாளும் முறையே பலரைத் தடுமாறச் செய்கிறது. எரிவாயுக் கொதிகலனைக் காலையில் ஒருமணி நேரமும் மாலையில் சில மணி நேரமும் முடுக்கிவிட்டு அணைப்பது பழைய வழக்கம். வெப்பப் பம்பு அவ்வாறு முடுக்கத் தக்கதன்று. மெல்ல, இடைவிடாது ஓடுவதே அதன் இயல்பு. இரவில் அணைத்துவிட்டு விடியலில் குளிர்ந்த வீட்டைச் சட்டென்று சூடாக்க முனைந்தால், அது நீரை மிக உயர்ந்த சூட்டுக்கு ஏற்ற வேண்டியதாகிறது. மிச்சப்படுத்திய மின்சாரம் அதிலேயே போய்விடலாம். சில கருவிகளில் இத்தருணத்தில் துணை மின் ஹீட்டர் தானாகவே எரியத் தொடங்கும். அது 1 யூனிட்டுக்கு 1 யூனிட்டே தருவது. எனவே இரவில் ஓரிரு டிகிரி குறைத்தால் போதும். வெளிக்குளிருக்கு ஏற்ப நீரின் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பு இக்கருவிகளில் உண்டு. அறை சிறிதே மிகுதியாகச் சூடேறினால் அந்த அமைப்பைச் சற்றுக் குறைத்து, ஓரிரு நாள் பொறுத்துப் பார்த்து மீண்டும் திருத்த வேண்டும். பொறுமையே இங்கு பெரிய சிக்கனம்.

பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர்க்கும் ஒரு சொல். தகட்டைத் தொட்டால் கை சுடவில்லையே என்று கலங்க வேண்டாம். வெதுவெதுப்பாக இருப்பதே அது செவ்வையாக இயங்குவதன் அடையாளம்; சுவரிலுள்ள வெப்பமானி 20 அல்லது 21 டிகிரி காட்டுகிறதா என்பதையே பாருங்கள். வெளிப்பெட்டியிலிருந்து திடீரெனப் புகைபோல் ஆவி எழுந்தால் தீப்பிடித்ததோ என்றும் அஞ்ச வேண்டாம். அதன்மீது படிந்த உறைபனியைக் கருவி தானே உருக்கிக்கொள்கிறது. சில நிமிடங்களில் அடங்கிவிடும். அப்பெட்டியைத் துணியாலோ அட்டையாலோ மூடிவிடலாகாது. அதற்குக் காற்றே உணவு. சுற்றிலும் குவியும் பனியையும் சருகையும் அகற்ற வேண்டும். சுவரில் மாட்டும் வகையாயின் உள்ளே உள்ள தூசி வடிகட்டியைக் கழற்றி அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். ஆண்டுக்கொரு முறை தேர்ந்த பணியாளரைக் கொண்டு சரிபார்ப்பது நலம்.

இறுதியாக ஒன்று. இக்கருவியை வாங்குவதா வேண்டாமா என்பது வீட்டுத் தலைவர் தனியே செய்யும் முடிவாக இருத்தல் கூடாது. பகலெல்லாம் வீட்டில் இருப்போர் யார், எந்த அறை எப்போதும் குளிர்கிறது, முதியவர் எங்கே உறங்குகிறார், குழந்தையை எங்கே குளிப்பாட்டுகிறார்கள் என்பனவெல்லாம் இல்லத்தரசிக்கும் முதியோர்க்கும் தெரிந்த அளவு வேறெவர்க்கும் தெரியாது. அவர்களையும் அமர்த்திக் கலந்து பேசிய பின்பே அளவு நாடாவை எடுக்க வேண்டும். தொலைதூரத்திலுள்ள உங்கள் மகனோ மகளோ, "வெப்பப் பம்பு வாங்கலாமா?" என்று தொலைபேசியில் கேட்டால், "எந்தக் கம்பெனியுடையது?" என்று முதலில் கேட்காதீர்கள். "கூரையைப் பார்த்தாயா? ஒவ்வோர் அறையையும் அளந்தார்களா?" என்று கேளுங்கள். அவ்விரு வினாக்களுக்கும் நல்ல விடை கிடைத்துவிட்டால், கருவியின் பெயரைப் பற்றிப் பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.